வளர்ந்த பிள்ளை தடம் மாறும்போது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டைத் தாண்டிய மகனோ மகளோ குடியில், போதையில், சூதாட்டத்தில், தீராத கடனில், அல்லது கவனிக்காமல் விட்ட மனநோயில் சிக்கிக்கொண்ட வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அப்பாக்களும் கேட்கிறார்கள், ஆனால் வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்கிறார்கள். சில பதில்கள் நீளம், சில இரண்டு மூன்று வரியோடு நின்றுவிடும்.

எத்தனையோ கண்டிஷன் போட்டுப் பார்த்தாச்சு. எதையும் மதிப்பதில்லை. இனி என்ன எல்லை போடுவது?

இதுவரை போட்ட கண்டிஷன்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குடிக்கக் கூடாது, நேரத்தோடு வீட்டுக்கு வரணும், அந்தச் சகவாசத்தை விடணும், வேலைக்குப் போகணும். எல்லாமே அவன் செய்ய வேண்டியவை. முப்பது வயது ஆளைப் பிடித்து உட்காரவைத்து எதையும் செய்யவைக்க முடியாது. அவன் மீறினால் உங்கள் கையில் மிச்சமிருப்பது கத்தலும் கண்ணீரும்தான். இரண்டுக்கும் அவன் எப்போதோ பழகிவிட்டான்.

நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதைத்தான் நான் எல்லை என்கிறேன். "நீ குடிச்சிட்டு வந்தா நான் பேச மாட்டேன். என் ரூமுக்குப் போயிடுவேன். காலையில பேசலாம்." இதை நிறைவேற்ற அவனுடைய சம்மதம் தேவையில்லை. "உன் கடனை இனிமே நான் அடைக்க மாட்டேன்", "நீ குடிச்சிருக்கும்போது வண்டிச் சாவி என்கிட்டதான் இருக்கும்" என்பவையும் அப்படித்தான்.

சின்னதாகத் தொடங்குங்கள். "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கோபத்தில் சொல்லிவிட்டு, சாப்பிட்டானோ இல்லையோ என்று மூன்றாம் நாள் தேடிப்போய்க் கூட்டிவந்தால், உங்கள் சொல்லுக்கு ஆயுசு மூன்று நாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். குடித்திருக்கும்போது பேசுவதில்லை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காமல் நடந்துபாருங்கள். அடுத்ததைப் பிறகு யோசிக்கலாம்.

பெற்ற பிள்ளை ஆயிற்றே. உதவி செய்யாமல் எப்படி இருப்பது?

உதவியை நிறுத்த வேண்டியதில்லை, அதன் திசையை மாற்றினால் போதும். அவன் வேலை செய்யும் இடத்துக்கு போன் போட்டு "காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை" என்று பொய் சொல்வது ஒரு வகை. மருத்துவரிடம் நேரம் வாங்கி, கூடவே போய் வெளியே உட்கார்ந்திருப்பது இன்னொரு வகை. இரண்டிலும் பாசம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில், நேற்று இரவு நடந்ததற்கான விலையை அவன் கொடுக்க வேண்டிய இடத்தில் நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர், சிகிச்சைக்கு வர மறுப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். குடிக்காமல் இருக்கும் நேரத்தை இதமாக்குவது, குடித்திருக்கும்போது விலகிவிடுவது, குடியின் விளைவுகளை மூடி மறைக்காமல் விடுவது, மனம் இளகும் தருணம் பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, நடுவில் தன் வாழ்க்கையையும் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 130 குடும்பத்தாரை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களின் உறவினர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் முறைக்குத் தயார்செய்யப்பட்ட பிரிவில் 30 சதவீதம். குடும்பத்தார் தங்கள் மனதை மட்டும் தேற்றிக்கொள்ளும் வழியில் 13 சதவீதம். பாசத்தை அடியோடு நிறுத்தினால்தான் திருந்துவான் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்து பணம் கேட்கிறான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மணி பதினொன்றரை. போன் அடிக்கிறது. "அம்மா, இதுதான் கடைசி. நாளைக்குள்ள கட்டலன்னா என்னைச் சும்மா விடமாட்டாங்க." போன மாசமும் இதையேதானே சொன்னே என்று நீங்கள் தொடங்க, அவன் சத்தியம் செய்ய, நீங்கள் அழ, அவனும் அழ, பன்னிரண்டரைக்குப் பணம் போய்ச்சேர்ந்திருக்கும்.

இந்த உரையாடலை நீங்கள் ஜெயிக்க முடியாது. அவன் பணத்தேவையில் இருக்கிறான், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறீர்கள். அதனால் உரையாடலுக்குள்ளேயே போகாதீர்கள். "நீ சொன்னது கேட்டுச்சுப்பா. ராத்திரியில பணத்தைப் பத்தி நான் எதுவும் முடிவு பண்றதில்ல. காலையில பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன்." வைத்துவிடுங்கள். திரும்ப அடித்தால், உயிருக்கு ஆபத்து என்ற பேச்சு இல்லாதவரை, எடுக்க வேண்டாம். ஆனால் காலை பத்து மணிக்கு நீங்கள் கூப்பிட்டே ஆக வேண்டும். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை என்பதுதானே உங்கள் குறை.

காலையில் சொல்ல வேண்டியது: "பணம் தர மாட்டேன். யாராவது மிரட்டினா போலீஸ்ல சொல்ல நான் கூட வரேன். யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு முழுசா எழுதிட்டு வா, உட்கார்ந்து பார்க்கலாம்." எழுதிக்கொண்டு வரமாட்டான், அது பரவாயில்லை. நீங்கள் வழி காட்டிவிட்டீர்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது காரணம் சொல்லும் இடத்தில். "இப்ப கையில இல்லடா" என்றால், எப்போது கையில் இருக்கும் என்று அவன் கணக்குப் போடுவான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவார்" என்றால், அப்பாவுக்குத் தெரியாமல் கொடு என்பான். "தர வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்பதில் பிடித்துத் தொங்க எதுவும் இல்லை.

ஜாமீன் கையெழுத்து, ஏடிஎம் பின் நம்பர், போன் பூட்டு எண் மூன்றையும் எவ்வளவு நெருக்கடியிலும் கொடுக்காதீர்கள். சூதாட்டம் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். சூதாட்டத்தால் வந்த நெருக்கடியைத் தீர்க்கப் பிறர் பணத்தை எதிர்பார்ப்பதை, அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு பட்டியலிடுகிறது. நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு கடனும், அவன் மறுபடி கடன் வாங்க ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது.

முடியாது என்று சொல்ல ஆரம்பித்த பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டான். விட்டுவிடலாமா?

இந்தக் கட்டம் பலருக்கும் வரும். ஒரு நடத்தைக்குக் கிடைத்துவந்த பலன் நின்றதும், அது அடங்குவதற்கு முன் கொஞ்ச காலம் எகிறுவது உண்டு. பத்து தடவை போன் செய்தவன் நாற்பது தடவை செய்வான். அத்தையிடமும் மாமாவிடமும் போய் உங்களைப் பற்றிச் சொல்வான். நாற்பதாவது அழைப்பில் நீங்கள் இளகினால், நாற்பது தடவை அடித்தால் கிடைக்கும் என்பதுதான் பதிவாகும்.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகவே தெரிந்தது. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி அவ்வப்போது மட்டும் கிடைத்த புறா, வெகு நேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரங்கள் ஆளைப் பிடித்து வைப்பதும் இதே கணக்கில்தான். ஐந்து முறை மறுத்து ஆறாவது முறை மனமிரங்குவது, முதல் தடவையே கொடுத்துவிடுவதைவிடக் கெடுதல் என்று நான் சொல்வது இதனால்தான். கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேட்டதைக் கொடுக்காவிட்டால் செத்துப்போவேன் என்கிறாள். மிரட்டலா, நிஜமா?

உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. பயிற்சி உள்ளவர்களுக்கே அது கடினம். ஒவ்வொரு முறையும் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கான உதவிதான் வர வேண்டும்.

"சாகணும்னு தோணுதா? எப்படிச் செய்யணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருந்திருக்கிறது. வீட்டிலுள்ள மாத்திரைகள், விஷ மருந்துகளை அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள். திட்டம் இருக்கிறது என்றால் அவசர உதவிக்கோ, தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கோ உடனே அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

"நீ உயிரோட இருக்கணும். அதுக்காக இப்பவே உன்கூட ஆஸ்பத்திரிக்கு வரேன். பணம் தர மாட்டேன்." ஒரே மூச்சில் சொல்லக் கஷ்டமான மூன்று வாக்கியங்கள். நிதானமான நாளில் சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் சொல்வதுதான் ஆபத்து.

அடிக்கக் கை ஓங்குகிறான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் வாதம் வேண்டாம், நியாயம் வேண்டாம். அறையைவிட்டு, முடிந்தால் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். வாசலுக்குப் பக்கமாக இருக்கும் அறையில் படுங்கள், போனும் செருப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சமையலறையில் வைத்துப் பேச்சை வளர்க்காதீர்கள், அங்கே கத்தி இருக்கிறது. அடி விழுந்தால் போலீசைக் கூப்பிடுவது துரோகம் ஆகாது. கூப்பிடுவேன் என்று முன்கூட்டியே, நல்ல நேரத்தில் அவனிடம் சொல்லி வையுங்கள். மனநோயும் இருந்தால் அழைக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த உளவியலாளர் ஹாயிம் ஓமர், காந்தியின் அகிம்சைப் போராட்ட முறையை எடுத்து இப்படிப்பட்ட பெற்றோருக்கான வழியாக வகுத்தார். திருப்பி அடிப்பதில்லை, பணிந்துபோவதுமில்லை. இரும்பு சூடாக இருக்கும்போது அடி என்பார்கள். ஓமர் ஆறின பிறகு அடி என்கிறார். சண்டையின் நடுவில் எதையும் தீர்க்காமல், இரண்டு நாள் கழித்து அமைதியாக உட்கார்ந்து, "அன்னைக்கு நடந்ததை நாங்க ஏத்துக்க மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அவர் வலியுறுத்துகிறார்: ரகசியத்தை உடைப்பது. நம்பகமான நாலைந்து பேருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்பது அவனுக்கும் தெரிய வேண்டும். நாலு சுவருக்குள் இருக்கும்வரை அவன் கை ஓங்கிக்கொண்டுதான் இருக்கும். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

குடியை இன்றோடு நிறுத்தினால்தான் வீட்டில் இடம் என்று சொல்லலாமா?

கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்டது. பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை மனக்குழப்பம், இல்லாதவை கண்ணில் தெரிவது, காய்ச்சல், நடுக்கம் என்று முற்றி உயிரையே பறிக்கலாம். சில வகைத் தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் இப்படித்தான். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும் என்பதுதான் சரியான நிபந்தனை.

ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு வேறோர் ஆபத்து உண்டு. சிகிச்சையிலோ சிறையிலோ சில வாரம் எடுக்காமல் இருந்தவரின் உடல் தாங்கும் அளவு குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வீடு திரும்பும் முதல் சில வாரம்தான் அதிக ஆபத்து, நாமோ அப்போதுதான் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். அபின் வகைப் போதையின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கிடைக்குமா, எப்படிக் கொடுப்பது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். இதைப் போதைக்கு உடந்தை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு மனநோய். ஆனால் தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். நோயாளிக்கு எல்லை போடுவது நியாயமா?

தனக்கு ஒன்றுமில்லை என்பது பெரும்பாலும் பிடிவாதமாக இருக்காது. மூளை பாதிக்கப்பட்டவர் தன் பாதிப்பையே உணராத நிலைக்கு பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியலாளர் 1914-இல் ஒரு பெயர் கொடுத்தார். மனச்சிதைவு நோய் உள்ள பலரிடமும் இதே நிலையைக் காண்கிறோம். காதில் குரல்கள் கேட்கிறது என்றால், அவளுடைய அனுபவத்தில் அவை நிஜம். "உனக்கு நோய், ஒத்துக்கொள்" என்று வாதாடுவதால் பலனில்லை. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, வேலையில் நிலைக்க முடியவில்லை என்று அவளே ஒத்துக்கொள்ளும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்காக மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் வருவாள்.

நோய்க்கு எல்லை போட முடியாது, நடத்தைக்குப் போடலாம். தனக்குத்தானே பேசுவது, பகலில் தூங்குவது, குளிக்காமல் இருப்பது இவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். அடிப்பது, தீயோடு விளையாடுவது போன்றவற்றில் உறுதியாக இருங்கள்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை ஒன்பது மாதம் கவனித்தார்கள். ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய பொத்திப் பாதுகாத்தல் இருந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். நோய் வந்ததற்குக் குடும்பம் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. சுருக்கமாக, தணிந்த குரலில், ஒரு நேரத்தில் ஒரே விஷயம் பேசுங்கள். பொத்திப் பாதுகாத்தலும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள், அம்மாக்களுக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.

வன்முறை எதுவும் இல்லை. அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. வருஷக்கணக்காக இப்படித்தான்.

சத்தமில்லாத பிரச்சினை என்பதால் இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று முத்திரை குத்துமுன் மனச்சோர்வு, கடும் பதற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதற்றம் என்றால், சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைப்பதிலிருந்து அவனுக்காக எல்லோரிடமும் பேசுவதுவரை, வீடு அந்தப் பயத்துக்கு வளைந்து கொடுத்திருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "வர்ற திங்கள்ல இருந்து சாப்பாடு மேஜையிலதான் இருக்கும். உனக்குக் கஷ்டம்னு தெரியும். உன்னால முடியும்னும் தெரியும்." நாள் குறித்து, முன்கூட்டியே சொல்லிச் செய்யுங்கள். கதவை உடைப்பது, இன்டர்நெட்டைத் திடீரென்று வெட்டுவது போன்ற வீரச்செயல்கள் வேண்டாம்.

வீட்டைவிட்டுப் போகச் சொல்வது சரியா?

சில வீடுகளில் சரி. மற்றவர்களின் பாதுகாப்பு கேள்விக்குறியானால், வீட்டுக்குள் போதைப்பொருள் விற்பனை நடந்தால், திருட்டு நிற்காவிட்டால், சேர்ந்து இருப்பது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் தண்டனையாக, சண்டையின் உச்சத்தில், நள்ளிரவில் கதவைச் சாத்துவது வேறு. தேதி குறித்து, எங்கே தங்குவான் என்று யோசித்து, முதல் மாத வாடகையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புவது வேறு. கடும் மனநோயில் இருப்பவரை இடமில்லாமல் வெளியேற்றினால் அவர் தெருவில்தான் நிற்பார். வயதுவந்த பிள்ளைக்கும் சில நாடுகளில் குடியிருப்பு உரிமை உண்டு, முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பூட்டை மாற்றுமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போனவனோடு தொடர்பு இருக்கட்டும். வாரம் ஒரு நாள் வெளியே எங்காவது சந்தித்து ஒரு காபி, பணப் பேச்சு கிடையாது. இந்த ஏற்பாட்டில் உறவு முன்னைவிடச் சீரான குடும்பங்கள் உண்டு.

நான் மறுத்தால் என் கணவர் ரகசியமாகக் கொடுத்துவிடுகிறார்.

அப்படியானால் எல்லை இல்லை என்றே அர்த்தம். முதல் பேச்சுவார்த்தை பிள்ளையோடு வேண்டாம், உங்கள் இருவருக்குள் நடக்கட்டும். அவர் கொடுப்பது பாசத்தால் மட்டுமில்லை, பயத்தாலும்தான். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். கொடுக்காமல் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்று சொல்வார். அந்த 'ஏதாவது' வந்தால் என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால் பாதிப் பயம் குறையும்.

இருவருக்கும் பொதுவாக எது குறைந்தபட்சமோ அதையே எல்லையாக வையுங்கள். நீங்கள் பூஜ்யம் என்கிறீர்கள், அவர் செலவுக்குக் கொஞ்சம் என்கிறார் என்றால், மாதம் ஒரு தொகை, ஒரே தேதி, அதற்குமேல் ஒரு பைசா இல்லை என்று நிறுத்துங்கள். உங்களுக்கு அது தோல்வியாகத் தோன்றலாம். இருவரும் காப்பாற்றும் சுமாரான எல்லை எவ்வளவோ மேல்.

கல்யாணம் பண்ணிவைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார்களே?

வராது. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை மருந்தாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. விஷயத்தை மறைத்துச் செய்தால் அது மோசடி.

எங்கள் வளர்ப்பில்தான் தப்பா?

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது, கிடைத்தாலும் இன்றைக்கு உதவாது. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. மரபணுவுக்குப் பங்கு உண்டு, சகவாசத்துக்கு உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் நன்றாக இருக்கிறானே என்று நீங்களே சொல்வீர்கள்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் லோயிஸ் வில்சன் முதலானோர் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களில் சொல்லித்தருவது: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. முதலாவதை நம்பச் சிலருக்கு வருஷங்கள் ஆகும். நிஜமாகவே தப்பு செய்திருந்தால், பிள்ளையிடம் ஒருமுறை நேராக மன்னிப்புக் கேளுங்கள். அதன் பிறகு அந்தக் கணக்கைப் பணமாகத் தீர்க்க முயலாதீர்கள். குற்ற உணர்ச்சி இருக்கும் பெற்றோரை எங்கே தொட்டால் பணம் வரும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

உறவுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

"உடம்பு சரியில்லை, சிகிச்சை நடக்கிறது." இதுவே போதும். அறிவுரை சொல்ல வருபவரிடம், வாரம் ஒரு நாள் அவனோடு வந்து இருக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சரி என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள், அவர் அபூர்வம்.

மகள்தான் எங்களை ஒதுக்கிவிட்டாள். போனை எடுப்பதில்லை.

எல்லை போடும் உரிமை அவளுக்கும் உண்டு, வலித்தாலும். அவள் சொல்லும் காரணத்தில் ஒரு பங்காவது நியாயம் இருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். மாதம் ஒரு மெசேஜ், கேள்வியோ குற்றச்சாட்டோ இல்லாமல்: "உன்னை நினைச்சுக்கிட்டோம். பதில் போடணும்னு இல்ல." அதற்குமேல் துரத்தாதீர்கள், தோழிகள் வழியாக வேவு பார்க்காதீர்கள்.

ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் இல்லை. இந்த வகைத் துக்கத்தைத் தெளிவற்ற இழப்பு என்று அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களிலேயே எழுதினார். சாவுக்கு அழ ஒரு நாள் உண்டு, இதற்குக் கிடையாது. அதனால்தான் இவ்வளவு களைப்பு.

ஆறு மாதமாக நன்றாக இருக்கிறான். இப்போது தளர்த்தலாமா?

தளர்த்தலாம், ஒவ்வொன்றாக. அவன் சொல்லும் வார்த்தையை வைத்து முடிவெடுக்காமல், செய்துவந்ததை வைத்து எடுங்கள். சிகிச்சைக்குப் போகிறானா, எழுந்திருக்கும் நேரம் சீரா, சின்னக் கடனைச் சொன்ன தேதியில் திருப்பித் தந்தானா என்று பாருங்கள். வீட்டுச் சாவியைத் திரும்பக் கொடுங்கள், பண விஷயம் கடைசியில் இருக்கட்டும். நல்ல நாட்களில் "இதை அப்பவே செஞ்சிருக்கலாமே" என்று பழசைக் கிளறாதீர்கள். மறுபடி சறுக்கினால் பழைய எல்லைக்கே திரும்பலாம், பிரசங்கம் இல்லாமல். சறுக்கல் இந்த நோய்களில் சகஜம்.

எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

ஜப்பானில் வீட்டுக்குள் ஒதுங்கி வாழ்பவர்களைப் பற்றி அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கில், 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களே சுமார் 6,13,000 பேர். எண்பது வயதுப் பெற்றோர் ஐம்பது வயதுப் பிள்ளையைத் தாங்கும் நிலைக்கு அங்கே '8050 பிரச்சினை' என்றே பெயர். இது உலகம் முழுக்க உள்ள பயம்தான், காகிதத்தில் எழுதத் தொடங்கினால் கொஞ்சம் அடங்கும்.

மொத்தப் பணமும் ஒரே நாளில் அவன் கைக்குப் போகாதபடி, அறக்கட்டளை மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மாதாமாதம் கொடுக்கும் பொறுப்பைக் கூடப்பிறந்தவர் தலையில் கட்டாமல் இருப்பது நல்லது. அண்ணன் தம்பி உறவு அதில்தான் முறியும். மற்ற பிள்ளைகளை உட்காரவைத்து, "உன்னால எது முடியும், எது முடியாது?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன், பணம் தர முடியாது என்று ஒருத்தி சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மருத்துவர், என்ன மாத்திரை, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நோய் முற்றுவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவளிடம் ஒரு பிரதியும் அவனிடமே ஒரு பிரதியும் கொடுத்து வையுங்கள்.